கண்டிஷனர் பாட்டிலின் பின்பக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வேதியியல் படித்தவள் என்பது எங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் பொதுச்சொத்து. மருந்து மாத்திரையில் தொடங்கி தரை துடைக்கும் திரவம் வரை எல்லாவற்றின் படமும் வாட்ஸ்அப்பில் வரும். இப்போது அதிகம் வருவது கண்டிஷனர் பாட்டிலின் பின்பக்கம். கூடவே ஒரு வரி: “இது நல்லதா, கொஞ்சம் பாரேன்.” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல்பதிவு அனுப்பி அலுத்துவிட்டதால், அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். லேபிளில் பெயர்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். நான் தமிழில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்தால் எந்தப் பெயர் என்று பிடிபட்டுவிடும்.

நல்ல பொருள், கெட்ட பொருள் என்று ஒரு பட்டியல் தந்துவிட்டால் வேலை முடிந்ததே?

அப்படி ஒரு பட்டியல் தந்தால் அது தப்பாகத்தான் இருக்கும். “உப்பு நல்லதா கெட்டதா” என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? எவ்வளவு போட்டார்கள், யார் சாப்பிடப்போகிறார்கள் என்று திருப்பிக் கேட்பீர்கள் அல்லவா, அதேதான். பாட்டிலைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது மூன்று விஷயம். இந்தப் பொருள் என்ன வேலைக்காக இதில் இருக்கிறது? எவ்வளவு இருக்கக்கூடும்? அந்த வேலை என் முடிக்குத் தேவையா?

கண்டிஷனர் முடிக்கு என்னதான் செய்கிறது?

தலைக்கு வெளியே வந்துவிட்ட முடியில் உயிர் இல்லை. அதனால் “முடிக்கு ஊட்டம்” என்பதெல்லாம் விளம்பரப் பேச்சு. முடியின் மேற்புறம் நாட்டு ஓடு வேய்ந்த கூரை மாதிரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய செதில்களால் ஆனது. புது முடியில் அந்தச் செதில்களின் மேல் மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். தண்ணீர் உருண்டு ஓடுவதற்கும் முடிகள் ஒன்றோடொன்று சிக்காமல் வழுக்குவதற்கும் அதுதான் காரணம். டை அடிப்பது, பிளீச் செய்வது, சூடு வைத்து நேராக்குவது, வெயில், துண்டால் பரபரவென்று தேய்ப்பது எல்லாம் சேர்ந்து அந்தப் படலத்தை அரித்துவிடுகின்றன.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். 40 சென்டிமீட்டர் பின்னல் என்றால் அதன் நுனிக்கு வயது மூன்று ஆண்டுக்கு மேல். மூன்று தீபாவளி எண்ணெய்க் குளியலும் அத்தனை வெயிலும் பார்த்த நுனி அது. வேர்ப்பக்கம் பளபளவென்றும் நுனி தேங்காய் நார் போலவும் இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

இப்படித் தேய்ந்த இடங்களில் ஈரமாக இருக்கும்போது எதிர்மின் தன்மை கூடுதல். கண்டிஷனரின் முக்கியப் பொருள்கள் நேர்மின் தன்மை உள்ளவை. பள்ளிக்கூடத்தில் தலையில் சீப்பைத் தேய்த்துக் காகிதத் துணுக்கை இழுத்து விளையாடினோமே, அந்த மாதிரி இவை போய் முடியில் ஒட்டிக்கொள்கின்றன. எங்கே தேய்மானம் அதிகமோ அங்கே அதிகமாக ஒட்டும். அலசிய பிறகும் முடியில் தங்கிப் போன அந்தப் படலம்தான் நீங்கள் கொடுத்த காசுக்குக் கிடைத்தது. மீதி சாக்கடைக்குப் போகிறது.

பட்டியலை எங்கிருந்து படிக்க வேண்டும்?

மேலிருந்துதான். ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தியாவின் 2020 அழகுசாதன விதிகளின்படி, ஒரு விழுக்காட்டுக்கு மேல் உள்ள பொருள்களை அளவு வாரியாக, அதிகத்திலிருந்து குறைவுக்கு எழுத வேண்டும். ஒரு விழுக்காடும் அதற்குக் கீழும் உள்ளவற்றை அதற்குப் பிறகு எந்த வரிசையிலும் எழுதிக்கொள்ளலாம்.

அந்த ஒரு விழுக்காட்டுக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிளில் போட்டிருக்க மாட்டார்கள். கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி உண்டு. ஃபீனாக்ஸி எத்தனால் என்ற பெயரைத் தேடுங்கள். அது கெட்டுப்போகாமல் காக்கும் பொருள். ஐரோப்பிய விதிப்படி அதன் உச்சவரம்பே 1 விழுக்காடு, கம்பெனிகள் பெரும்பாலும் அதைத் தாண்டுவதில்லை. ஆக, பட்டியலில் அதற்குப் பின்னால் வரும் எதுவும் ஒரு விழுக்காட்டைத் தாண்டாது.

கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பாட்டில் ஒன்றின் பட்டியல் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்: அக்வா, சீட்டேரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, டைமெத்திகோன், கிளிசரின், ஃபீனாக்ஸி எத்தனால், பர்ஃபியூம், ஹைட்ரலைஸ்டு கெரட்டின், ஆர்கன் எண்ணெய், பேந்தினால், சிட்ரிக் ஆசிட்.

அக்வா என்றால் தண்ணீர். பாட்டிலின் பெரும்பகுதி அதுதான். அடுத்த இரண்டு பெயர்கள்தான் குழம்புக்குப் பருப்பும் புளியும் மாதிரி, அவை இல்லையென்றால் கண்டிஷனரே இல்லை. டைமெத்திகோன் ஒரு சிலிக்கோன், வழுக்கலும் மினுக்கும் தரும். கிளிசரின் ஈரம் பிடிக்கும். அத்துடன் வந்துவிட்டது ஃபீனாக்ஸி எத்தனால். முன்பக்கத்தில் தங்க எழுத்தில் மின்னும் கெரட்டினும் ஆர்கனும் கோட்டுக்கு அந்தப் பக்கம், சென்ட்டுக்கும் பின்னால் நிற்கின்றன. கடைசியில் உள்ள சிட்ரிக் ஆசிட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். அது குறைந்த அளவிலேயே புளிப்புத் தன்மையைச் சரிசெய்து, செதில்கள் படிந்து கிடக்க உதவும். கோட்டுக்குக் கீழே இருந்தாலும் வேலை செய்யும் பொருளுக்கு அது உதாரணம்.

நான் பட்டியலில் தேடும் பெயர்கள் இவை: “ட்ரைமோனியம்” என்று வரும் ஏதாவது ஒன்று, அல்லது ஸ்டீரமிடோப்ரொப்பில் டைமெத்தில்அமின் (முடியில் ஒட்டும் என்று சொன்ன நேர்மின் பொருள்கள் இவைதான்). கூடவே சீட்டைல், சீட்டேரில், ஸ்டியரில் ஆல்கஹால்களில் ஒன்று. இவை முதல் நான்கைந்து இடங்களில் இருந்தால் அது உருப்படியான கண்டிஷனர்தான், விலை எதுவானாலும்.

ஆல்கஹால் என்று போட்டிருக்கிறதே, முடி காய்ந்துவிடாதா?

இந்தக் கேள்வி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வரும். வேதியியலில் ஆல்கஹால் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். சாராயத்தில் இருப்பது அதில் ஒரு பிள்ளை. சீட்டைல் ஆல்கஹால் வேறு பிள்ளை. கையில் எடுத்துப் பார்த்தால் வெள்ளையாக, மெழுகுச் சீவல் மாதிரி இருக்கும், தண்ணீரில் கரையாது. 1817-இல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரூல் திமிங்கிலத் தலையிலிருந்து எடுத்த மெழுகில் இதைக் கண்டுபிடித்தார். லத்தீனில் திமிங்கிலத்துக்கு ‘சீட்டஸ்’ என்று பெயர், அதிலிருந்துதான் ‘சீட்டைல்’. இப்போது பெரும்பாலும் பாமாயிலிலிருந்தும் தேங்காய் எண்ணெயிலிருந்தும் எடுக்கிறார்கள், திமிங்கிலம் தப்பித்தது. கண்டிஷனர் தயிர் போலக் கெட்டியாக இருப்பதற்கும், தடவும்போது அந்த வழவழப்புக்கும் இதுதான் காரணம். முடியைக் காயவைக்காது, மென்மையாக்கும்.

கொஞ்சம் யோசிக்க வேண்டியது ஆல்கஹால் டீநேச்சர்டு, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போன்றவை பட்டியலின் மேலேயே வந்தால். அதுவும் அலசாமல் விடும் ஸ்ப்ரேக்களில்தான் அவை அதிகம் தென்படும். அலசிவிடும் கண்டிஷனரில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சிலிக்கோன் முடியை மூச்சுத் திணற வைக்குமாமே?

மூச்சு விடாத பொருளுக்கு எப்படி மூச்சுத் திணறும்? சிலிக்கோன் முடியின்மேல் மெல்லிய உறையாகப் படியும். சிக்கு குறையும், சீப்பு ஓடும்போது முடி உடைவது குறையும், சூட்டுக் கருவியின் தாக்கமும் ஓரளவு குறையும். டை அடித்த, நேராக்கிய முடிக்கு ‘அமோடைமெத்திகோன்’ என்பதைத் தேடி வாங்கச் சொல்வேன். அதற்கும் நேர்மின் தன்மை உண்டு, சேதமான இடமாகப் பார்த்து ஒட்டும்.

புகார் முழுப்பொய்யும் இல்லை. டைமெத்திகோன் தண்ணீரில் கரையாது. சாதாரண ஷாம்பு போட்டால் போய்விடும். ஷாம்புவே போடாமல் கண்டிஷனராலேயே தலையை அலசும் பழக்கம் சுருட்டை முடிக்காரர்களிடம் இருக்கிறது. அவர்களுக்கு இது அடுக்கடுக்காகப் படிந்து முடி கனத்துத் தொங்கும். அவர்கள் தவிர்ப்பது நியாயம். மெல்லிய, எண்ணெய் வழியும் முடிக்காரர்களுக்கும் ‘கோன்’ என்று முடியும் பெயர் மூன்றாம் நான்காம் இடத்தில் இருந்தால் தலை சப்பையாகப் படிந்துவிடும்.

சிலிக்கோன்மேல் எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. சைக்ளோபென்டாசிலாக்ஸேன் போன்ற வளைய வகைகள் சுற்றுச்சூழலில் எளிதில் சிதைவதில்லை. அதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 ஜனவரி இறுதியிலிருந்து, அலசிவிடும் பொருள்களில் அவற்றில் இரண்டை 0.1 விழுக்காட்டுக்குக் கீழே கட்டுப்படுத்தியது. முடிக்காக வந்த விதி இல்லை அது, நீர்நிலைகளுக்காக வந்தது.

கண்டிஷனரில் “சல்ஃபேட் இல்லாதது” என்று போட்டிருந்தால் வாங்கலாமா?

இட்லியில் “எண்ணெயில் பொரிக்காதது” என்று போட்ட மாதிரி. நுரை வரவைக்கும் சல்ஃபேட் ஷாம்புவின் சமாசாரம், கண்டிஷனரில் அதற்கு வேலையே இல்லை. பெஹென்ட்ரைமோனியம் மெத்தோசல்ஃபேட் என்ற பெயரைப் பார்த்து ஒரு தோழி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பெயரில்தான் ஒற்றுமை. கண்டிஷனருக்கு அதைவிடச் சாதுவான சரக்கு கிடைப்பது கஷ்டம்.

பாரபென்?

பாரபென் என்பதும் கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்தான். அது புற்றுநோய் தரும் என்ற பயத்தின் வேர் 2004-இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வு. மார்பகக் கட்டிகளின் 20 மாதிரிகளைப் பார்த்து, அவற்றில் பாரபென் இருக்கிறது என்றது. இருந்தது என்றுதான் சொன்னது, அதனால்தான் கட்டி வந்தது என்று சொல்லவில்லை. ஆரோக்கியமான திசுவோடு ஒப்பிடவும் இல்லை. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் போதிய பாதுகாப்புத் தகவல் இல்லாத ஐந்து வகைகளைத் தடைசெய்தது, ப்ரொப்பைல், பியூட்டைல் வகைகளின் அளவைக் குறைத்தது, மெத்தில், எத்தில் வகைகளை விட்டுவைத்தது. அலசிப் போகும் கண்டிஷனரில் மெத்தில்பாரபென் இருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. மனசு கேட்கவில்லை என்றால் வேண்டாம், பாரபென் இல்லாதவை எங்கும் கிடைக்கின்றன. ஆனால் அதற்குப் பதில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். காரணம் அடுத்த கேள்வியில்.

அப்படியானால் நிஜமாகவே பயப்பட வேண்டியது எதுவும் இல்லையா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். என் கவனம் மெத்தில்ஐசோதயசோலினோன் மேல். பாரபெனுக்கு மக்கள் முகம் திருப்பியபோது பல இடங்களில் அதற்குப் பதிலாக உள்ளே நுழைந்தது இதுதான். சில ஆண்டுகளிலேயே ஒவ்வாமைக்காரர்கள் அதிகமாகி, அமெரிக்கத் தொடுதோல் அழற்சிச் சங்கம் 2013-இல் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. ஐரோப்பாவில் அலசாமல் விடும் பொருள்களில் இப்போது இதற்குத் தடை. அலசிவிடும் பொருள்களில் 0.0015 விழுக்காடுதான் அனுமதி.

எனக்கே நடந்தது. வாசனைக்காக ஒரு கண்டிஷனர் வாங்கினேன், பெயர் வேண்டாம். மூன்றாவது வாரம் கண் இமை சிவந்து தடித்தது, பின்கழுத்தில் அரிப்பு. கண் மையைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், தலையணை உறையைக் கொதிக்கும் தண்ணீரில் துவைத்தேன், கத்திரிக்காயை நிறுத்தினேன். தோல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி “தலைக்கு என்னம்மா போடுறீங்க?” தலைத்தோல் தடித்தது, தாங்கிக்கொள்ளும். அலசும்போது வழிந்து போகும் வழியில் உள்ள இமை, காதின் பின்புறம், கழுத்து எல்லாம் மெல்லிய தோல். அவைதான் முதலில் காட்டிக்கொடுக்கும். வேதியியல் படித்தவள் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்கியதற்கு வீட்டில் இன்னும் கிண்டல் ஓயவில்லை.

இதேபோல் வாசனையும். பர்ஃபியூம் என்ற ஒரே சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கும். லினலூல், லிமோனீன் என்று தனியாகப் போட்டிருந்தால் அவை அதில் அடங்கியவை. ஒவ்வாமை இல்லாதவர்களுக்குப் பிரச்சினை இல்லை. தோல் சட்டென்று சிவக்கும் வகை என்றால் புதுப் பாட்டிலை முழங்கை மடிப்பில் சில நாள் கொஞ்சம் தடவி அலசிப் பார்த்துவிட்டுத் தலைக்குப் போங்கள்.

கெரட்டின், பயோட்டின், வெங்காயம் எல்லாம் போட்டது வாங்கலாமா?

ஹைட்ரலைஸ்டு கெரட்டின், ஹைட்ரலைஸ்டு கோதுமைப் புரதம் போன்றவை உடைக்கப்பட்ட புரதத் துண்டுகள். முடியில் ஒட்டி, சேதமான இடத்தில் கொஞ்சம் உள்ளேயும் போகும், தற்காலிகமாக முடிக்கு ஒரு திடம் தரும். அடுத்தடுத்த அலசலில் போய்விடும். பார்லரில் ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்யும் ‘கெரட்டின் சிகிச்சை’க்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சிலருக்குப் புரதம் அதிகமுள்ள கண்டிஷனர் முடியை விறைப்பாக்கும். அப்படி ஆனால் நிறுத்திவிடுங்கள், வேறு காரணம் தேட வேண்டாம்.

பயோட்டின் ஒரு வைட்டமின். உடம்பில் பற்றாக்குறை இருந்தால் உள்ளே சாப்பிட வேண்டியது. இரண்டு நிமிடம் முடியில் தடவி அலசுவதால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. வெங்காயம் சாம்பாருக்கு.

தாவரப் பொருள் என்றால் நல்லது, ரசாயனம் என்றால் கெட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

குவார் ஹைட்ராக்ஸிப்ரொப்பைல்ட்ரைமோனியம் குளோரைடு. இந்தப் பெயரைப் பார்த்தால் தொழிற்சாலைப் புகைபோக்கி கண்முன் வரும் இல்லையா? குவார் என்பது கொத்தவரங்காய். அதன் விதையிலிருந்து எடுத்த கோந்தை நேர்மின் தன்மை வருமாறு மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான். ராஜஸ்தானில் ஏக்கர் ஏக்கராகப் பயிரிடுகிறார்கள். கொத்தவரங்காய் பொரியலை ஒதுக்கி வைக்கும் என் மகன் தினமும் அதைத் தலையில் தேய்த்துக்கொண்டுதான் பள்ளிக்குப் போகிறான்.

மறுபக்கம் பாருங்கள். லினலூலும் லிமோனீனும் பூவிலும் பழத்தோலிலும் இயற்கையாக இருப்பவை. ஒவ்வாமைப் பட்டியலில் அவையும் உண்டு. பெயரின் நீளத்தை வைத்துப் பொருளை எடைபோட முடியாது.

தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் இருக்கும்போது கண்டிஷனர் எதற்கு?

நியாயமான கேள்வி, கேட்டது என் மாமியார். மூன்றுக்கும் வேலை வேறு. தேங்காய் எண்ணெயில் உள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் ஊடுருவி, தலை அலசும்போது முடி ஊறி உப்பிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. 2003-இல் வெளியான ஒரு ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, மினரல் எண்ணெய்கள் மூன்றையும் ஒப்பிட்டார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தினர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அதன் வேதியியல் தர்க்கம் சரியாகவே இருக்கிறது. ஆகவே எண்ணெய் குளிப்பதற்கு முன் தரும் பாதுகாப்பு.

சீயக்காய் அழுக்கை எடுப்பது, ஷாம்புவின் இடத்தில் இருப்பது. ஆனால் நம் பாட்டிமார் அதை வெறுமனே அரைத்ததில்லை. மில்லுக்குக் கொடுக்கும் டப்பாவில் வெந்தயமும் காய்ந்த செம்பருத்தி இலையும் சேர்ந்திருக்கும். சேலம், கோவைப் பக்கம் அரப்புத் தூள். வெந்தயத்தையும் செம்பருத்தியையும் ஊறவைத்தால் வரும் கொழகொழப்பு முடியில் படலமாகப் படியும். அதுதான் அந்தக் காலத்துக் கண்டிஷனர், பெயர் மட்டும் வைக்கவில்லை. டை அடிக்காத, சூடு வைக்காத முடிக்கு அது இன்றைக்கும் போதும். டை அடித்த முடிக்குப் பாட்டில் கண்டிஷனர் அளவுக்கு அது ஒட்டி நிற்காது. மாமியாருக்குச் சொன்ன பதிலும் இதுதான். அவர் டை அடிப்பதில்லை, எனக்கு அடிக்க வேண்டியிருக்கிறது.

எந்தக் கண்டிஷனர் போட்டாலும் முடி சொரசொரவென்றே இருக்கிறது. என்ன பொருள் குறை?

பொருளை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள். நாங்கள் வேளச்சேரிக்குக் குடிபோன முதல் ஆறு மாதத்தில் நான்கு பாட்டில் மாற்றினேன். வாளியின் உட்புறத்தில் வெள்ளைப் பொருக்கு படிவதையும், குழாய் வாயில் சுண்ணாம்பு கட்டுவதையும் தினமும் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன், உறைக்கவில்லை. போர் தண்ணீரில் உள்ள கால்சியம் முடியிலும் அப்படித்தான் படியும்.

லேபிளில் டைசோடியம் இடிடிஏ என்று இருந்தால் அது இந்த உலோகங்களைப் பிடித்து வைக்கும் பொருள். ஆனால் கண்டிஷனரில் அதன் அளவு சொற்பம், பெரிதாக நம்ப முடியாது. மாதம் ஒன்றிரண்டு முறை இடிடிஏ உள்ள ‘கிளாரிஃபையிங்’ ஷாம்பு போடுவதும், கடைசி இரண்டு மக் மட்டும் நல்ல தண்ணீரில் அலசுவதும்தான் எனக்குக் கைகொடுத்தது. கேன் தண்ணீரைத் தலையில் ஊற்றுகிறாயா என்று கேட்டவர்கள் உண்டு. நான்கு பாட்டில் விலையைவிட அது மலிவு.

கண்டிஷனர் முடி கொட்டுவதைக் குறைக்குமா? கூட்டுமா?

வேரோடு விழும் முடிக்கும் கண்டிஷனருக்கும் சம்பந்தமில்லை. நாளுக்கு 50 முதல் 100 முடி விழுவது எல்லாருக்கும் உள்ளதுதான். விழுந்த முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் குண்டூசித் தலை போல இருந்தால் அது வேரோடு வந்தது. இல்லையென்றால் நடுவில் உடைந்தது. உடைவதைக் கண்டிஷனர் நிச்சயம் குறைக்கும், ஏனென்றால் சிக்கெடுக்கும்போதுதான் முடி அதிகம் உடைகிறது. முன்பக்கத்தில் “முடி உதிர்வைக் குறைக்கும்” என்று போட்டு, நட்சத்திரக் குறி வைத்து, கீழே பொடி எழுத்தில் “உடைவதால் ஏற்படும் உதிர்வு” என்று எழுதும் தந்திரத்துக்குப் பொருளும் இதுதான்.

தலைத்தோலில் அப்பிக்கொண்டால் மட்டும் வம்பு. நெற்றியில் பருவும் தலையில் பிசுபிசுப்பும் வரலாம். காதுக்குக் கீழே தொடங்கி நுனிவரை தடவுங்கள்.

பொருள்களுக்கு மார்க் போடும் செயலியில் பாட்டிலை ஸ்கேன் செய்தால் சிவப்பு நிறம் காட்டுகிறதே?

அந்தச் செயலிக்குப் பாட்டிலில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாது, பெயர் மட்டும்தான் தெரியும். அலசிவிடுவதா, தோலில் விடுவதா என்பதையும் பல செயலிகள் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் முடி எப்படிப்பட்டது என்று அதற்குச் சுத்தமாகத் தெரியாது. ஒவ்வாமைப் பொருள் பெயரைத் தேட மட்டும் பயன்படுத்துங்கள். மார்க்கை நம்பிப் பாட்டிலைக் குப்பையில் போடாதீர்கள்.

சரி, என் முடிக்கு எது?

மெல்லிய முடி, இரண்டே நாளில் எண்ணெய் வழிகிறது என்றால் சிலிக்கோனும் கனமான எண்ணெய்களும் முதல் ஐந்தில் இல்லாதது. சீட்ரைமோனியம் குளோரைடு உள்ளது இலகுவாக இருக்கும். தடித்த, அலையலையான, சுருட்டை முடி என்றால் நேரெதிர்: பெஹென்ட்ரைமோனியம், ஷியா வெண்ணெய், ஏதாவது ஒரு எண்ணெய் மேலேயே இருக்கட்டும். டை, பிளீச், நேராக்கியது என்றால் அமோடைமெத்திகோனும் புரதமும். கடலோர ஊர்க்காரர்கள் அலசாமல் விடும் கிரீம் வாங்கினால் கிளிசரின் மிக மேலே இல்லாமல் பாருங்கள். காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு முடி பரட்டையாக நிற்கும். அலசிவிடும் வகையில் இந்தக் கவலை இல்லை.

வாங்கியது சரிதானா என்று வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?

ஷாம்பு போட்டபின் நடுவகிடு எடுத்து, இடப்பக்கம் பழைய கண்டிஷனர், வலப்பக்கம் புதுசு. இரண்டு நிமிடம் விட்டு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அலசுங்கள். ஈரத்தில் அகலப்பல் சீப்பை நுனியிலிருந்து மேல்நோக்கி ஓட்டுங்கள், எந்தப் பக்கம் சிக்குகிறது என்று கை சொல்லிவிடும். காய்ந்தபின் இரண்டு பக்க நுனியையும் விரலிடுக்கில் உருட்டிப் பாருங்கள். ஒருமுறை போதாது, நான்கு அலசலாவது வேண்டும். படிந்து கனப்பது மூன்றாவது நான்காவது முறையில்தான் தெரியும். இணையத்தில் எத்தனை நட்சத்திரம் வாங்கியது என்பதைவிட இந்தச் சீப்புதான் எனக்குச் சாட்சி.

சாஷேயில் வாங்கிச் சோதித்தால் செலவு மிச்சமே?

நல்ல யோசனை. கடலூரிலிருந்து சின்னி கிருஷ்ணன் குடும்பம் ஷாம்புவைச் சாஷேயில் அடைத்து விற்கத் தொடங்கிய மாநிலம் நம்முடையது, அந்த அருமை நமக்குத் தெரியும். ஒரே சிக்கல், சிறிய பாக்கெட்டுகளில் பொருள் பட்டியல் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே தயாரிப்பின் பெரிய பாட்டிலைக் கடையில் எடுத்துப் பின்பக்கத்தைப் படம் பிடித்துக்கொண்டு, சாஷேயை வாங்கி வாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பழகிவிடும்.

பாட்டில் தீரும்போது தண்ணீர் ஊற்றிக் குலுக்கிப் பயன்படுத்தலாமா?

அன்றைக்கே தீர்த்துவிடுவதென்றால் தாராளமாக. ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்வதற்காக என்றால் வேண்டாம். இவ்வளவு நேரம் பேசினோமே, அந்தக் காக்கும் பொருள்கள் குறிப்பிட்ட அளவுக்குக் கணக்குப் பண்ணிப் போட்டவை. பாதி பாட்டில் குழாய்த் தண்ணீர் சேர்ந்தால் அவை நீர்த்துப்போகும், குளியலறைச் சூட்டில் கிருமி வளர அது தோதான இடம். பாட்டிலைத் தலைகீழாக நிறுத்தி வையுங்கள். அப்புறமும் ஒட்டிக்கொண்டிருந்தால் கத்தரிக்கோலால் வெட்டி விரலால் வழித்து எடுங்கள். எங்கள் வீட்டில் இன்னும் நாலு தடவைக்கு வரும்.